பரணில் கிடக்கும் தாத்தா துப்பாக்கி

மலையடிவார ஊர்களில் பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து சில நேரம் ஒரு நீளமான சாக்குப்பொட்டலம் இறங்கும். பிரித்தால் துப்பாக்கி. குழலில் துரு ஏறியிருக்கும், பின்கட்டையில் கரையான் அரித்த தடம் இருக்கும், குதிரை அசையாது. வேட்டைக்கு உரிமம் இருந்த காலத்து இரட்டைக்குழலாக இருக்கலாம். பயிர்க் காவலுக்கு வாங்கிய, குழல் வாயில் கரிமருந்து கிட்டித்துச் சுடும் ஒற்றைக்குழலாகவும் இருக்கலாம். அறுப்பு முடிந்து கை ஓய்ந்திருக்கும் மாதத்தில் அதைத் துடைத்துப் புதுசாக்கலாமே என்று தோன்றுவது இயல்புதான். அருமையான பொழுதுபோக்கும்கூட. ஆனால் எண்ணெய்த் துணியைக் கையில் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு.

முதலாவது, காகிதம். "துருப்பிடித்து வெடிக்காமல் கிடக்கிற இரும்புக்கு உரிமம் எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு பழமையான, பழுதான ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் அந்த விலக்கு, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இனிச் சுடவே முடியாது என்ற நிலையில் இருப்பவற்றுக்கு மட்டும்தான். பழுது பார்த்தால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான், உரிமம் வேண்டும். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு நன்றாகப் புதுப்பிக்கிறீர்களோ, அந்த அளவுக்கு விலக்கிலிருந்து விலகிப் போகிறீர்கள். உரிமமில்லாமல் வைத்திருந்தால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு.

தாத்தா பெயரில் உரிமம் இருந்து அவர் காலமாகிவிட்டால் அந்த உரிமம் உங்களுக்குத் தானாக வந்துவிடாது. துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அண்ணன் தம்பி இருந்தால் அவர்களின் சம்மதத்தையும் எழுதி வாங்கி வையுங்கள். உங்கள் அப்பா உயிரோடு இருந்து உரிமமும் அவர் பெயரில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். அவருக்கு 70 வயது ஆனாலோ, 25 ஆண்டு துப்பாக்கியை வைத்திருந்தாலோ, தாம் குறிப்பிடும் வாரிசுக்கு மாற்றிக் கொடுக்க 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வழி செய்கின்றன. அவர் இருக்கும்போதே செய்துவிடுவது குடும்பத்துக்கு நல்லது.

உரிமப் புத்தகமே கிடைக்கவில்லையா? மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமங்களைப் பார்க்கும் பிரிவில் தாத்தாவின் பெயர், ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். எதுவுமே தேறாது என்று தெரிந்தால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போங்கள். போகும்போது துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போக வேண்டாம். முதலில் தகவல் சொல்லுங்கள், அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள்.

இரண்டாவது, குழலுக்குள் மருந்து இருக்கிறதா என்பது. கிட்டிக்கும் துப்பாக்கியில் இது உயிர் போகிற விஷயம். காவலுக்குப் போகும்போது கிட்டித்து, சுட வாய்ப்பில்லாமல் அப்படியே பரணில் செருகியிருப்பார்கள். ஈரம் படாத கரிமருந்து எத்தனை ஆண்டானாலும் வீரியம் இழப்பதில்லை. குழல் வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ காட்டாமல், பக்கவாட்டில் நின்று ஒரு மரக்குச்சியை மெதுவாக உள்ளே விடுங்கள். முட்டி நின்றதும் வாய் மட்டத்தில் அடையாளம் வையுங்கள். அதே குச்சியைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பாருங்கள். நுனி, பின்னால் இருக்கும் மருந்துத் துளை வரைக்கும் வர வேண்டும். மூன்று நான்கு விரற்கடை முன்னதாகவே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது குளவிக்கூடாகவும் இருக்கலாம், மருந்தும் ரவையுமாகவும் இருக்கலாம். குத்தி எடுக்கப் பார்க்காதீர்கள், தீயில் காட்டாதீர்கள். குழலை ஆளில்லாத திசைக்குத் திருப்பி வைத்துவிட்டு, துப்பாக்கிக் கடைக்காரருக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். கூடவே கொம்பிலோ டப்பாவிலோ பழைய மருந்து கிடைத்தால் அதையும் தொடாமல் தகவல் கொடுங்கள்.

இவை இரண்டும் தீர்ந்து, துப்பாக்கி உங்கள் பெயருக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். இனிதான் சந்தோஷமான வேலை.

மரத்தில் தொடங்குங்கள். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளின் பின்கட்டை பெரும்பாலும் வால்நட் மரம். அழுக்கையும் பழைய எண்ணெயையும் எடுத்தால் அடியில் அழகான ரேகை ஓடும். கைப்பிடியில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய கட்டங்கள் இருந்தால் அங்கே உப்புத்தாள் படவே கூடாது. பழைய பல்துலக்கியும் கொஞ்சம் டர்பன்டைனும் போதும். கட்டையில் இடிபட்டுக் குழிந்த இடம் இருக்கிறதா? ஈரத்துணியை நான்காக மடித்து அதன் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியால் சில விநாடி அழுத்துங்கள். ஆவி மரநாருக்குள் இறங்கிக் குழியை மேலே தூக்கும். நாலைந்து தடவை செய்தால் பெரும்பாலான குழிகள் மறைந்துவிடும். நார் அறுந்து போன வெட்டுக் காயம் எழும்பாது, விட்டுவிடுங்கள். தாத்தா தோளில் சுமந்த அடையாளம் ஒன்றிரண்டு இருந்தால்தான் என்ன!

மெருகுக்கு வார்னிஷ் வேண்டாம். ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, சூடு பறக்கத் தேய்த்து ஏற்றுங்கள். மெல்லிய பூச்சு. ஒரு நாள் காயட்டும், பிறகு அடுத்தது. பத்துப் பூச்சுக்கு மேல் போனால்தான் அந்த மங்கலான பளபளப்பு வரும். அவசரப்பட்டுத் தடிப்பாகப் பூசினால் பிசுபிசுப்பு போகவே போகாது. முக்கியமாக ஒன்று: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். காயும்போது அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் என்றால் சொல்லவே வேண்டாம். விரித்து வெயிலில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

இரும்பில் கை அடக்கமாக இருக்க வேண்டும். துரு உள்ள இடத்தில் எண்ணெய் தடவி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, மிக நைசான இரும்புப் பஞ்சால் லேசாகத் தேய்த்தால் மேல் துரு வந்துவிடும். கிரைண்டர், எமரித் தாள், ஆசிட், குத்துவிளக்குக்குப் போடுகிற புளி எதுவும் கூடாது. குழலின் பழுப்பு அல்லது நீல நிறம் துருவைத் தடுக்கப் போட்ட பூச்சு, அதைப் பளபளவென்று உரித்தால் அடுத்த மழைக்காலத்திலேயே மீண்டும் துரு ஏறும். அதைவிடப் பெரிய தொல்லை, எண் அழிந்து போவது. உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அது உங்களுடையது. எண்ணை அழிப்பதே தனிக் குற்றம். வேலை தொடங்கும் முன் எண்ணையும் முத்திரைகளையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.

குழல், விசை, குதிரை, பூட்டு ஆகியவை உங்கள் வேலை அல்ல. ஊர் லேத் பட்டறைக்காரர் வேலையும் அல்ல. உரிமமில்லாமல் துப்பாக்கியைப் பழுது பார்த்தாலும், குழலை வெட்டிக் குட்டையாக்கினாலும் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு. குழலுக்கு வெல்டிங் வைத்தால் சட்டம் வருவதற்கு முன்பே கை போய்விடும். உரிமம் பெற்ற கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பழைய 12 போர் இரட்டைக்குழல் என்றால் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். குழலின் மேல் நெளிநெளியான வரிகள் தெரிகின்றனவா? தெரிந்தால் அது இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல், பெரும்பாலும் கரிமருந்துக் காலத்தது. தோட்டா அறையின் நீளம் என்ன? பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மி.மீ., இன்றைய சாதாரணத் தோட்டா 70 மி.மீ. தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் வெடிக்கும்போது முனை விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். குழலின் உட்புறம் ஆழமாக அரித்திருந்தாலும் சரி, இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் சரி, அவர் சோதித்துச் சரி சொல்லும் வரை அதில் தோட்டாவே போடாதீர்கள்.

காட்டுப்பன்றி பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். வேளாண் அலுவலர்களிடமும் கிராமக் கூட்டங்களில் இதே கேள்விதான் வருகிறது. பயிர்க் காவலுக்கு உரிமம் தர ஆயுதச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் வேறு, விலங்கைச் சுடும் அனுமதி வேறு. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்த நடைமுறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுடவே கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி தன் துப்பாக்கியால் சுட முடியாது. பன்றிக்காக என்றால் இந்த வேலையில் இறங்க வேண்டாம், வனத்துறைக்கு மனுப் போடுங்கள்.

முடித்த துப்பாக்கியைத் தோலுறையிலோ சாக்கிலோ சுற்றி வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். பூட்டிய இரும்பு அலமாரியில் காற்றாட நிறுத்தி வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அங்கே பல வாரம் கிடக்கும் என்பதால் குழலுக்கு உள்ளும் புறமும் கெட்டியாக எண்ணெய் பூசிக் கொண்டுபோங்கள். ரசீதில் துப்பாக்கி எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள்.