எலும்பு தெரியும் காலை மூடும் கலை

அட்டாளைச்சேனையை ஊடறுத்து அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பிரதான வீதியில் மோட்டார் சைக்கிளில் போகும் இளைஞன் ஒருவன் லொறியில் மோதுண்டு வீழ்வானாயின், அவனுடைய அவயவங்களுள் எளிதிற் சிதைவுறுவது முழங்காலுக்குக் கீழுள்ள பாகமாகும். ஏனெனில், அங்கே முன்புறத்து எலும்பை மூடியிருப்பது தசையன்று, மெல்லிய தோல் மாத்திரமே. அத்தோல் கிழிந்து எலும்பு வெளிப்பட்டுவிட்டால், முறிவைப் பொருத்தியதனால் மட்டும் கால் பிழைத்துவிடாது. மூடப்படாத எலும்பு வறண்டு, கிருமிகளுக்கு இடங்கொடுத்து, நாளடைவில் மடிந்துபோகும்.

தொடைத்தோலைச் சீவியெடுத்து ஒட்டினால் ஆகாதா என்று உறவினர் வினவுவது இயல்பே. ஆனால், அவ்வாறு சீவிய தோலுக்குத் தனக்கென இரத்தோட்டம் இல்லை. பாறையில் நட்ட நாற்றைப் போல, மேற்சவ்வு இழந்த எலும்பின்மீது அது பிடிப்பதில்லை. ஆதலால், இரத்தக்குழாயோடு கூடிய உயிருள்ள தசையையோ தோலையோ பெயர்த்து மூடும் சத்திரசிகிச்சை அவசியமாகிறது. அவ்வாறு பெயர்க்கப்படும் பகுதியை வைத்தியர்கள் ‘ஃபிளாப்’ என்பர்.

காயம் அமைந்த இடமே பெரும்பாலும் முறையை நிர்ணயிக்கும். மேற்பாகத்துக் காயத்தைக் கெண்டைக்காலின் புறத்தசையைத் திருப்பி மூடுவர். நடுப்பாகத்துக்கு அப்புறத்தசையின் அடியிலுள்ள தசை உதவும். கணுக்காலை அண்டிய கீழ்ப்பாகத்திலோ தசை குன்றித் தசைநாண்களே மிகுந்திருத்தலால், காயம் சிறிதாயின் அயலிலுள்ள தோலை அடிச்சவ்வோடு சுழற்றி மூடலாம். பெரிதாயின் முதுகிலிருந்தோ தொடையிலிருந்தோ சதையை முற்றாகப் பிரித்துக் கொணர்ந்து, நுணுக்குக்காட்டியின் துணையோடு அதன் இரத்தக்குழாய்களைக் காலின் குழாய்களோடு தைத்தல் வேண்டும். அவ்வசதியில்லாதவிடத்து, மற்றக் காலின் தோலை ஒருபுறம் விடாது பெயர்த்து, ஏறக்குறைய மூன்று வாரம் இரு கால்களையும் பிணைத்துவைக்கும் பழைய முறை இன்றும் கைகொடுக்கிறது.

முறை எதுவாயினும் காலமே அதன் ஜீவநாடி. லுப்லியானா நகரத்து வைத்தியர் மார்க்கோ கோடினா 532 நோயாளர் பற்றிச் செய்து 1986 இல் வெளியான ஆய்விலே, 72 மணித்தியாலத்துக்குள் மூடப்பட்ட காயங்களில் நூற்றுக்கு 1.5 வீதமே கிருமித்தொற்றுக் காணப்பட்டது. அதன்பின் மூன்று மாதத்துக்குள் மூடப்பட்டவற்றில் அது 17.5 ஆக உயர்ந்தது. காலைக் காக்க முயல்வதா, துண்டிப்பதா என்ற கொடிய வினாவுக்கும் நமது அயலிலேயே ஒரு வழிகாட்டி உண்டு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் ராஜசேகரன், ராஜா சபாபதி முதலிய நிபுணர்கள் தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்துக்குப் புள்ளியிட்டு, 14 வரையெனின் காக்க முயலலாம் என்றும், 17 உம் அதற்கு மேலுமெனின் துண்டிப்பை எண்ணலாம் என்றும் 2006 இல் வகுத்துரைத்தனர்.

ஆகையால், திறந்த காயத்துக்குப் பத்துப் போட முறிவு வைத்தியரை நாடி நாட்களை இழக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி, அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ உள்ள ஆதார வைத்தியசாலைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினால் மறுக்காதீர்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் புகைத்தலை அறவே விடுங்கள், நீரிழிவைக் கட்டுப்படுத்துங்கள். வைத்தியர் பெயர்த்து வைத்த தசை உயிர்பெற்று நிலைப்பதில் நோயாளிக்கும் பங்குண்டு.