ஊற்றுதலும் சிந்துதலும்

பிறமொழி பயில்வோர் பெரிதும் இடர்ப்படுவது அரிய சொற்களிலன்று. அன்றாடம் வழங்கும் எளிய வினைகளிலேயாம். நீர்மப் பொருள்களைப் பற்றிய ஆங்கில வினைகள் இதற்குத் தக்க சான்றாகும். அட்டன், நுவரெலியாத் தோட்டப் பகுதிகளில் மழையும் தேநீரும் நாள்தோறும் பேச்சிற்குரியன ஆதலின், அங்குப் பயிலும் மாணாக்கர் இவ்வினைகளின் வேறுபாட்டை அறிதல் இன்றியமையாதது.

இலங்கைத் தமிழில் 'தேத்தண்ணீர் ஊற்று' என்பது தேநீர் ஆக்குதலையும் குறிக்கும். ஆங்கிலத்திலோ ஆக்குதற்கு 'மேக்' என்பதும், ஆக்கியதைக் கோப்பையில் வார்த்தற்குப் 'போர்' என்பதும் வெவ்வேறு வினைகள். கோப்பை தட்டுப்பட்டுத் தேநீர் மேசைமீது கொட்டுமாயின் அது 'ஸ்பில்' எனப்படும். பெருமழைக்கும் 'போர்' வரும். தமிழிலும் 'மழை ஊற்றுகிறது' என்னும் வழக்கு உண்டன்றோ?

தமிழில் 'கொட்டினான்' என்னும் சொல் வேண்டுமென்று செய்ததற்கும் கைதவறிச் செய்ததற்கும் பொதுவாய் நிற்கும். கைதவறியதைத் தெளிவிக்க வேண்டின் 'கொட்டுப்பட்டது' என்பர். ஆங்கிலமோ அவ்வேறுபாட்டை வினைச்சொல்லிலேயே வைத்துள்ளது. தொழிலாளி ஒருவர் கைதவறி மண்ணெண்ணெயைக் கொட்டியதைத் தோட்ட அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் 'போர்' என்னும் வினையால் குறித்தால், நேர்ந்த விபத்து செய்த குற்றமாய்விடும்.

விளிம்பைக் கடந்து வழிதலே 'ஸ்பில்' என்பதன் அடிப்படைப் பொருள். காசல்ரீ, மவுசாகலை ஆகிய நீர்த்தேக்கங்கள் நிரம்பி வான் பாய்வதையும் பொறியியலாளர் இவ்வினையாலேயே குறிப்பர். ஆண்டுக் கைதவறுதல் இல்லை. எல்லை கடத்தலே உண்டு.

கொள்கலத்தின் பழுதால் நீர் வெளிப்படுதல் 'லீக்' ஆகும். 'லயத்துக் கூரை ஒழுகுகிறது' என்றும் 'கூரையிலிருந்து நீர் ஒழுகுகிறது' என்றும் தமிழில் இருவகையாலும் கூறுதல் போலவே, ஆங்கிலத்திலும் கூரை, நீர் இரண்டும் இவ்வினைக்கு எழுவாயாகும். துளிதுளியாய்ச் சொட்டுதல் 'டிரிப்'. மண், சுவர் முதலியவற்றின் நுண்துளைகளூடே மெல்லக் கசிதல் 'சீப்'.

'லீக்', 'சீப்' என்னும் இரண்டையும் மயங்குதல் மலைநாட்டில் தீங்கு விளைக்கவும் கூடும். லயத்தின் பின்புறச் சரிவில் புதிதாய் நீர் கசிதல், மண்சரிவுக்குமுன் காணப்படும் அறிகுறிகளுள் ஒன்று. அதனை 'லீக்' என்று அறிவித்தால் அதிகாரி உடைந்த குழாயை எண்ணிக்கொள்வார். 'சீப்' என்றாலோ அவர் கருத்து நிலத்தின்மேற் செல்லும்.

'சிந்துதல்' என்னும் தமிழ்வினை தேநீருக்கும் கண்ணீருக்கும் வியர்வைக்கும் பொதுவானது. ஆங்கிலத்தில் கண்ணீருக்குரியது 'ஷெட்' என்னும் வினை. தோட்டத் தொழிலாளர் சிந்திய வியர்வையையும் அவ்வினையாலேயே பெயர்த்தல் தகும். 'ஸ்பில்' என்று பெயர்த்தால், அவ்வுழைப்பு கவனக்குறைவால் வீணாயிற்று என்னும் பொருள் தோன்றிவிடும்.

ஆகவே, மாணாக்கர் ஒரு தமிழ்வினைக்கு ஓர் ஆங்கிலவினை என்று மனனம் செய்தல் போதாது. செயல் கருதிச் செய்யப்பட்டதா, தானே நேர்ந்ததா? நீர் விளிம்பைக் கடந்ததா, பழுதின்வழி வந்ததா? சொட்டிற்றா, கசிந்ததா? இவ்வினாக்களை முதலில் எழுப்பி, அவற்றிற்கு விடை கண்டபின் எழுதுகோலை எடுத்தல் நன்று. ஆசிரியரும் அகராதிப் பொருளோடு அமையாது, லயத்துக் கூரையையும் மலைச்சரிவையும் எடுத்துக்காட்டாக்கிக் கற்பிப்பின், அவ்வேறுபாடு மாணாக்கர் நெஞ்சில் எளிதிற் பதியும்.