திசை தேர்வும் திசை சாராத விடையும்

திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையின் உயரத்தைப் பேகம்பூர்ப் பக்கமிருந்து அளந்தாலும், பழனிச் சாலையிலிருந்து அளந்தாலும் கோணமும் தூரமும் மாறுமேயன்றி உயரம் மாறாது. நிற்கும் இடம் அளப்பவரின் வசதி. விடையில் அதன் சுவடு இருத்தலாகாது. அணுத்துகள் இயற்பியலின் மிகக் கடினமான கணக்குகளும் இந்த நியதிக்குக் கட்டுப்பட்டவையே.

துகள்கள் மோதிச் சிதறுவதைக் கணிக்க ரிச்சர்ட் ஃபைன்மன் 1949இல் வரைபட முறையொன்றை வெளியிட்டார். வரைபடத்தில் மூடிய வளையம் வருமிடத்து, அதனுள் ஓடக்கூடிய உந்தங்கள் அனைத்தையும் கூட்டவேண்டும். அக்கூட்டலே ஃபைன்மன் தொகையீடு. ஒரே விசைப்புலத்தைப் பல வடிவங்களில் எழுதலாம் என்பதால், அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அத்தேர்வுக்குக் 'கேஜ்' என்று பெயர். எத்திசைக்கும் முதன்மை தராத கேஜ் ஒருவகை. ஒரு திசையை நாமே குறித்துக்கொள்வது மறுவகை.

அணுக்கருவின் வலுவிசையைக் கணிக்கையில், முதல்வகையில் மெய்யிருப்பு இல்லாத 'பேய்ப்புலங்களையும்' கணக்கில் சேர்க்க நேரும். இரண்டாம் வகையில் அத்தொல்லை நீங்குகிறது. ஆனால் குறித்த திசையைச் சார்ந்த உந்தக்கூறு பகுதியில் வந்து அமர்கிறது. அது பூஜ்யமாகும் இடத்தில் கூட்டல் பொருளிழக்கிறது.

இதற்குக் கண்ட எளிய பரிகாரம், அப்புள்ளியின் இருபுறமும் சற்று விலகிக் கணக்கிட்டுச் சராசரி எடுப்பது. ஒளிக்கூம்பு கேஜில் அது பொய்த்தது. கால அச்சைக் கற்பனையெண் அச்சுக்குத் திருப்பும் வழக்கமான உத்திக்கு அது தடையாயிற்று. 1983இல் மாண்டல்ஸ்டாமும், 1984இல் லைப்ரண்டும் இரண்டாவது திசையொன்றைத் துணைக்கொண்டு, அத்தடை எழாதவாறு புதிய விதி வகுத்தனர்.

எனினும், இத்தகைய விதிகளுக்கு ஆதாரம் எது என்னும் வினா எஞ்சியது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் சதீஷ் ஜோக்லேகரும் ஆலோக் மிஸ்ராவும் 2000ஆம் ஆண்டையொட்டி வேறு வழி சென்றனர். விடை உறுதியாகத் தெரிந்த முதல்வகைக் கேஜிலிருந்து தொடங்கி, படிப்படியாக அச்சுக் கேஜுக்கு வந்தனர். பூஜ்யத்தை எவ்வாறு கையாள்வது என்னும் விதி அப்பயணத்திலிருந்தே பிறந்தது.

உஸூலுல் ஃபிக்ஹ் பயின்றோருக்கு இப்போக்கு அந்நியமன்று. கியாஸில் கிளைக்குச் சட்டம் கிடைப்பது அது எளிதென்பதால் அன்று; அஸ்லுடன் அதனை இணைக்கும் 'இல்லத்' நிறுவப்படுவதால்தான். துறைகள் வேறாயினும், மூலத்தோடு தொடர்பு அறுந்த விதியை வசதிக்காக ஏற்கலாகாது என்னும் கட்டுப்பாடு இரண்டிற்கும் பொதுவானது.