அருகிலுள்ள மருத்துவமனையா, ஆயத்தமான மருத்துவமனையா?

விபத்தில் படுகாயம் அடைந்தவரைப் பக்கத்து மருத்துவமனையில் சேர்ப்பதே நெடுங்கால வழக்கம். அது சரியா என்ற கேள்வியை கலிபோர்னியாவில் நடந்து 1979இல் வெளியான ஓர் ஆய்வு எழுப்பியது. சான் பிரான்சிஸ்கோவில் படுகாயக்காரர்கள் எல்லோரும் ஒரே விபத்துக்காய மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஆரஞ்சு மாவட்டத்தில் அருகிலிருந்த ஏதாவதொரு மருத்துவமனைக்கு. இரண்டு இடங்களிலும் வாகன விபத்தில் இறந்தவர்களின் பதிவுகளை மருத்துவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஆரஞ்சு மாவட்டத்தில், தலைக்காயம் அல்லாத மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தடுத்திருக்கக் கூடியவை. சான் பிரான்சிஸ்கோவில் அப்படிப்பட்ட மரணம் ஒன்றே ஒன்று. ஆரஞ்சு மாவட்டம் 1980இல் சில மருத்துவமனைகளை விபத்துக்காய மையங்களாக்கியது. அங்கே வீண் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. இங்கிலாந்து இதே பாடத்தை நாடு முழுதும் நடைமுறைப்படுத்த 2012 ஆயிற்று. இவ்வளவு தெளிவான சான்றுக்கு அது மிக நீண்ட தாமதம்.

மையத்தின் பலம் கருவிகளில் மட்டும் இல்லை. ஆம்புலன்சிலிருந்து முன்கூட்டியே தகவல் வரும். நோயாளி வந்து சேரும் முன்பே குழு தயாராக நிற்கும். ஒருவர் தலைமை ஏற்பார். பீறிடும் ரத்தத்தை உடனே நிறுத்த வேண்டிய நிலை தவிர, முதலில் மூச்சுப்பாதை, அடுத்து சுவாசம், பிறகு ரத்த ஓட்டம் என்பதே வரிசை. கண்ணை உறுத்தும் கால்முறிவு காத்திருக்கலாம், அடைபட்ட தொண்டை காத்திருக்காது. இந்த ஒழுங்கைக் கற்பிக்கும் பயிற்சி ஒரு துயரத்திலிருந்து பிறந்தது. எலும்பு அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் 1976இல் நெப்ராஸ்காவில் நேர்ந்த விமான விபத்தில் மனைவியை இழந்தார். காயமுற்ற தம் குழந்தைகளுக்குக் கிடைத்த சிகிச்சையின் குறைகளை நேரில் கண்டார். அவரும் சக மருத்துவர்களும் 1978இல் தொடங்கிய பயிற்சி இன்று உலகெங்கும் நடக்கிறது.

ரத்தப்போக்கில் நேரமே தீர்ப்பு. 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வின்படி, டிரானெக்சாமிக் அமிலம் என்ற விலை குறைந்த மருந்து இறப்பைக் குறைக்கிறது. ஆனால் காயம் பட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குப் பின் கொடுத்தால் தீங்காகவும் முடியலாம்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனத் தீவிரத்தின்படி பிரிக்கும் முறை வந்திருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. உயிர் ஊசலாடும்போது முன்பணம் தேடி அலையும் கொடுமைக்கு இது நல்ல விடை. ஆனால் முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அந்த 48 மணி நேரம் தொடக்கம் மட்டுமே. இயன்முறைப் பயிற்சியும் மறுவாழ்வுச் சிகிச்சையும் மாதக்கணக்கில் தேவைப்படும். அந்தச் செலவையும் பொதுநிதி ஏற்கும்போதுதான் ஏற்பாடு முழுமை பெறும்.