முள்ளுக் கத்தரியும் முந்தானை முடிச்சும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

ஆற்காடு என்றவுடன் நாவில் இனிப்பது மக்கன் பேடா. ஆம்பூர் என்றவுடன் மணப்பது சீரகச் சம்பாப் பிரியாணி. இவற்றின் புகழை நான் சொல்லித்தான் நண்பர்கள் அறிய வேண்டும் என்பதில்லை. ஆனால், அந்தப் பிரியாணி இலையின் ஓரத்தில் அடக்கமாய் அமர்ந்திருக்கும் கத்தரிக்காயை நாம் என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் உள்ள இலவம்பாடி, முள்ளுக் கத்தரிக்குப் பேர்போன ஊர். காம்பிலும் புல்லி வட்டத்திலும் முள் நிறைந்திருக்கும். காயோ வாயில் கரையும். எங்கள் வீட்டில் கேழ்வரகுக் களிக்கு இந்தக் கத்தரிக்காய்க் கடைசலே துணை. 2023-ஆம் ஆண்டு ‘வேலூர் முள்ளுக் கத்தரி’க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்செய்தியை மகிழ்ச்சியோடு பாட்டியிடம் சொன்னேன். அவர் கேட்டார்: “பட்டம் குடுத்துட்டாங்க, சரி. வெதைய யாருப்பா காப்பாத்துவாங்க?”

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் கேள்வி, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்த என்னைச் சிந்திக்க வைத்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படும் இக்குறியீடு பெயரைக் காக்கிறது. வேறிடத்துக் காயை இப்பெயரில் விற்பதைத் தடுக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால் விதையை முளைக்க வைக்க அதனால் இயலாது.

விதை காக்கும் முறை

பாட்டி நோயற்ற, நன்கு காய்த்த செடியைத் தேர்ந்து, அதில் சில காய்களைப் பறிக்காமல் விடுவார். அவை மஞ்சளாகப் பழுத்தபின் அறுத்து, விதையை நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து துணியில் முடிந்து வைப்பார். அண்டை வீட்டார் கேட்டால் முந்தானையில் முடிந்து எடுத்துச் சென்று கொடுப்பார்.

கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கை உடையது. எனினும் தேனீக்கள் ஒரு வகையின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டு சேர்ப்பதுண்டு. ஆகவே வேறு கத்தரிகளின் அருகே வளர்ந்தால் விதை கலந்துவிடும். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையோ முதல் தலைமுறையில் சீராய்க் காய்க்கும். அதன் விதையை மீண்டும் விதைத்தால் மெண்டலின் விதிப்படி பண்புகள் பிரிந்து, செடிக்குச் செடி வேறுபடும். எனவே ஆண்டுதோறும் கடைக்குத்தான் போக வேண்டும். ஒரு வீட்டில் விதை முடிச்சு அவிழ்ந்து போனால், மறுபடி கட்டுவது எளிதன்று.

நீரும் வேண்டும்

விதை மட்டும் போதுமா? பாலாற்றங்கரையில் என் அத்தை வீட்டுக் கிணற்று நீர் உப்பாகிக் கத்தரி பொய்த்தது. தோல் கழிவுநீரால் பாலாற்றுப் பகுதி கெட்டது குறித்து உச்சநீதிமன்றம் 1996-லேயே, மாசுபடுத்துவோரே ஈடு செய்ய வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மீண்டும் இழப்பீடு பற்றி ஆணையிட்டது.

இதை எழுதும்போது என் கை தயங்குகிறது. என் தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. அந்தக் கூலியில்தான் நான் கல்லூரிக்கு வந்தேன். தொழில் ஒழிக என்று சொல்ல எனக்கு மனமில்லை. கழிவைச் சுத்திகரிக்காமல் விடுவது ஒழிக என்றுதான் சொல்கிறேன். களியும் வேண்டும், கூலியும் வேண்டும் என்பதே எங்கள் வீட்டு நியாயம்.

நண்பர்களே! சமையற்குறிப்பை ஏட்டில் எழுதிவிடலாம். விதையை அப்படி வைக்க முடியாது. அது ஆண்டுதோறும் மண்ணைக் காண வேண்டும். நம் துறைத் தோட்டத்தின் ஒரு மூலையில், பிற கத்தரிகளுக்குத் தள்ளி, ஒரு பாத்தி முள்ளுக் கத்தரி வளர்ப்போம். விடுமுறைக்கு ஊர் செல்வோர், தத்தம் பாட்டிமாரிடம் ஒரு பிடி விதையும் அதைச் சமைக்கும் பக்குவமும் கேட்டு வாருங்கள். முதல் முடிச்சை நான் கொண்டு வருகிறேன்.