தலை பத்திரம் பாஸ்!

‘‘டேய்... த்ராட்டிலை கட் பண்ணுடா!’’

சீனியர் அண்ணா கத்தின கத்தலில் என் விரல் தானாகவே ஹோல்ட் சுவிட்சைத் தட்டிடுச்சு. கிரவுண்டில் இன்னும் தரையை விட்டே கிளம்பாத என் 450 ரக ரிமோட் ஹெலிகாப்டர், முனகிக்கிட்டே அடங்குச்சு. வால் மட்டும் கடைசி வரைக்கும் ஜன்னி வந்த மாதிரி நடுங்கிட்டே இருந்தது. பத்தடி தள்ளி, செல்போனைத் தூக்கிப் பிடிச்சபடி ரெண்டு ஃபர்ஸ்ட் இயர் பசங்க. ‘‘ஏன்ணா, பறக்கலையா?’’ன்னு அவங்க அப்பாவியா கேட்டப்பதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

ஃப்ளாஷ்பேக் சின்னதுதான். முந்தின வாரம் அது ஒருக்களிச்சு விழுந்துடுச்சு. உடைஞ்ச பிளேடுகளை மாத்தினேன், கழண்ட லிங்க்கை மாட்டினேன். ஆள் பார்க்க ஜம்முனு ஆகிட்டான். ‘இவ்வளவுதான் மேட்டர்’னு கிரவுண்டுக்குக் கிளம்பிட்டேன். கண்ணுக்குத் தெரிஞ்சதை மட்டும் சரி பண்ணினதுதான் நான் பண்ணின தப்பு.

அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல் ரூமில் அண்ணா ரோட்டர் ஹெட்டைப் பிரிச்சார். உள்ளே இருந்து பென்சிலைவிட மெலிசா ஒரு ஸ்டீல் தண்டு வந்தது. அதுதான் ஃபெதரிங் ஷாஃப்ட். முகம் பார்க்கிற கண்ணாடியைப் படுக்க வெச்சு, அதை மேலே உருட்டினார். நேரா இருந்தா வழுக்கிட்டு ஓடணும். என்னோடது நொண்டி அடிச்சுது! போதாக்குறைக்கு, அதன் முனையில் இருந்த போல்ட் அரை சுற்று கழண்டிருந்தது. லாக்டைட் போட மறந்தது யாருன்னு கேட்காதீங்க ப்ளீஸ்.

ஒரு பிளேடு... ஒன்றரை மூட்டை!

மெக்கானிக்ஸ் கிளாஸில் தூங்கினவங்களும் இதை மட்டும் கேளுங்க. என் ஹெலியின் ஒரு பிளேடு சுமார் 30 கிராம். அதன் எடை மையம், சுழலும் மையத்திலிருந்து சுமார் 19 செ.மீ. தள்ளி இருக்கு. நிமிஷத்துக்கு 2,500 சுற்றுன்னு வெச்சுக்கிட்டு, நிறை, ஆரம், கோணத் திசைவேகத்தின் வர்க்கம் மூணையும் பெருக்கினா, கிட்டத்தட்ட 390 நியூட்டன் வருது. அதாவது, ஒரு பிளேடை வெளியே இழுக்கிற விசை 40 கிலோ எடைக்குச் சமம்! 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றரை மூட்டை. வேகத்தை 3,000 ஆக்கினா 57 கிலோ. பிளேடு நுனியின் வேகம் 2,500 சுற்றிலேயே மணிக்கு 330 கி.மீ. பக்கம்.

இத்தனை இழுவையையும் தாங்குறது அந்த மெலிசான தண்டும், அதன் ரெண்டு முனை போல்ட்டும்தான். அது விட்டா பிளேடு எந்தப் பக்கம் பறக்கும்னு யாரும் சொல்ல முடியாது. பத்தடி தூரத்தில் நின்ன பசங்களை நினைச்சா இப்பவும் உதறுது. ‘பொம்மைதானே’ன்னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல்: ரிமோட் ஹெலிகாப்டரின் பிளேடு பட்டு, 2013-ல் அமெரிக்காவில் நம்ம வயசு இளைஞர் ஒருத்தர் உயிரையே இழந்திருக்கார்.

தலைக்குள்ளே என்ன இருக்கு?

ரோட்டர் ஹெட்டை மெயின் ஷாஃப்ட்டோடு பிடிச்சு வைக்கிறது ஒரே ஒரு போல்ட். செல்லப் பேரு ‘ஜீசஸ் போல்ட்’. அது போனா அப்புறம் கடவுளைத்தான் கூப்பிடணும்! பிளேடுகளைப் பிடிச்சிருக்கிற கிரிப்புகள், ஃபெதரிங் ஷாஃப்ட் மேல திரும்பி பிளேடின் சாய்வை மாத்தும். அந்த உத்தரவை சர்வோகிட்ட வாங்கி லிங்க் வழியா மேலே அனுப்புறது ஸ்வாஷ்பிளேட். முன்னாடி ஹெலியை நிதானப்படுத்த ஃப்ளைபார்னு ஒரு கம்பி குறுக்கே சுத்தும். இப்போ வர்ற பெரும்பாலான மாடல்களில் அந்த வேலையை ஜைரோ சென்சார் பார்க்குது. அதனால ஹெட்டில் நடுக்கம் வந்தா, சென்சாரும் சேர்ந்து குழம்பும்.

அண்ணா சொல்லிக் கொடுத்த ஐந்து

1. முதல்ல பேட்டரியைக் கழட்டு. மேஜையில் வெச்சு செட்டிங் பார்க்கணும்னா, மெயின் பிளேடைக் கழட்டு, மோட்டார் ஒயரையும் பிடுங்கு. அதுக்கு அப்புறம்தான் பேட்டரி.

2. கிரிப்பை விரலால் திருப்பிப் பாரு. வெண்ணெய் மாதிரி திரும்பணும். கரகரன்னு தட்டினா பேரிங் காலி. பிளேடை இழுத்தா, தள்ளினா லொடலொடன்னு ஆடக் கூடாது. ஆடினா உள்ளே இருக்கிற டேம்பர் ரப்பரையும் பாரு.

3. த்ரஸ்ட் பேரிங்கின் ரெண்டு வளையமும் ஒண்ணு போலத் தெரியும், ஆனா ஓட்டை அளவு வேற. பெரும்பாலான மாடல்களில் பெரிய ஓட்டை உள்பக்கம், சின்ன ஓட்டை போல்ட் பக்கம். நடுவில் கிரீஸ் கட்டாயம். மாத்தி மாட்டினா பிளேடு சாய்வு மாறவே முரண்டு பிடிக்கும்.

4. மெட்டலில் இறங்குற போல்ட்டுக்கு நீல லாக்டைட் ஒரு சொட்டு. பழைய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சுட்டுப் போடு. பேரிங்குக்குள் வழிய விடாதே, பிளாஸ்டிக்கில் போடாதே. சிவப்பு வேண்டாம், சூடு காட்டாம கழட்ட முடியாது.

5. ஹெலியை ஒருக்களிச்சுப் பிடி. பிளேடு அப்படியே நிக்கணும், லேசா உதறினா தொங்கணும். அதுதான் பிளேடு போல்ட்டின் சரியான டைட்.

முக்கியமா இன்னொண்ணு. ஹெலி ஒரு தடவை விழுந்தாலே, ஷாஃப்ட்டைக் கழட்டிக் கண்ணாடியில் உருட்டிப் பார்த்தே ஆகணும். வளைஞ்சிருந்தா சுத்தியலால் தட்டி நிமிர்த்துற கைவேலை எல்லாம் வேண்டாம். புதுசு வாங்க ரெண்டு பிரியாணி காசுதான் ஆகும். ரெண்டு ஞாயித்துக்கிழமை மெஸ் சாப்பாட்டிலேயே அட்ஜஸ்ட் பண்ணி நானும் வாங்கிட்டேன்.

புது ஷாஃப்ட், கிரீஸ், லாக்டைட் எல்லாம் போட்டு ஒரு ராத்திரி காய விட்டு, மறுநாள் கிரவுண்டுக்குப் போனோம். எல்லாரையும் நல்லாவே தள்ளி நிறுத்திட்டு ஸ்டார்ட் பண்ணினேன். நடுக்கமே இல்லை. இடுப்பு உயரத்தில் அப்படியே அந்தரத்தில் நின்னது, ராஜா மாதிரி!

இப்போ ஒவ்வொரு தடவை நான் டிரான்ஸ்மிட்டரை எடுக்கும்போதும், தூரத்திலிருந்து அந்த ஃபர்ஸ்ட் இயர் பையன் குரல் கொடுக்கிறான்: ‘‘அண்ணா, கண்ணாடியில உருட்டிப் பார்த்தீங்களா?’’

பார்த்துட்டேன்டா தம்பி... நீ அங்கேயே நில்லு!