கவச மீனும் கடற்கட்டியும்: தாடையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், மோதரகம் ஆறு கடலோடு கலக்குமிடத்தை அண்டி அமைந்த ஊர் மறிச்சுக்கட்டி. குடியேற்ற ஆட்சிக்காலத்தில் முத்துக்குளிப்புப் பருவந்தோறும் இக்கரையில் ஓலைக்கொட்டில்களாலான நகரமொன்று எழுவதும், பருவம் முடிந்ததும் மறைவதும் வழக்கமாயிருந்தது. 1905ஆம் ஆண்டில் மட்டும் இக்கரையோரத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்குச் சென்றது. மூச்சடக்கி மூழ்கியவர்களுக்கும் கயிறு பிடித்தவர்களுக்கும் எஞ்சிய ஒரு பங்கே கிடைத்தது.

இம்முத்துக்குளிப்பிலே ‘கடற்கட்டி’ என்றொருவர் இருந்தார். மந்திரத்தினாற் சுறாவின் வாயைக் கட்டுவதே அவர் தொழில். அவர் கரையில் இல்லையெனிற் குளிப்போர் கடலில் இறங்க மறுப்பர். எனவே பகுத்தறிவு பேசிய ஆங்கில அரசாங்கமே ஒரு காலத்தில் அவருக்கு ஊதியம் வழங்கிற்று. இதனை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், பாதுகாப்புச் சாதனம் எதுவுமின்றி ஆழத்தில் உழைத்தவனது அச்சம் மெய்யானது. அதற்கு அவன் கண்ட பரிகாரமே கற்பனையானது. அவ்வச்சத்தின் பொருளாக விளங்கிய தாடை எங்கிருந்து வந்தது என்னும் வினா நம்மைச் சுறாவுக்கும் அப்பால், அழிந்துபோன கவச மீன்களிடம் இட்டுச்செல்கிறது.

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்தல் வேண்டும். அக்கவச மீன்களின் எச்சங்களை மன்னார்க் கரையில் தேடுவதிற் பயனில்லை. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, மீன்கள் தோன்றுமுன்னரே உருவான பளிங்குருப் பாறைகளாலானது. வடமேற்குக் கரையின் சுண்ணக்கல்லோ மயோசீன் காலத்துக் கடலில் படிந்தது; அதன் வயது 2 கோடி ஆண்டுகளை அண்டியது. கவச மீன்கள் வாழ்ந்த தெவோனிய காலத்தின் படிவுகள் இவ்விரண்டுக்கும் இடையே இங்குக் காணப்படவில்லை. இன்று மன்னார்க் கடலில் வாழும் பெட்டிமீனின் எலும்புக்கூடும் அப்பழைய கவசத்தின் எச்சமன்று. மிகப் பிந்திய காலத்தில் தனித்துத் தோன்றியது.

கவச மீன்கள் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகள் நீர்நிலைகளில் வாழ்ந்து, 36 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் முற்றாக அழிந்தன. தலையையும் மார்பையும் தடித்த எலும்புத் தகடுகள் மூடியிருந்தன. இவற்றுட் பெயர்பெற்றது டன்கிலியோஸ்டியஸ். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கரும்பாறையில் 1867இல் அதன் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன. அதன் வாயிற் பற்களில்லை. தாடை எலும்பே கத்தியலகாக நீண்டிருந்தது. மேலலகும் கீழலகும் ஒன்றோடொன்று உராய்ந்து தாமே தம்மைத் தீட்டிக்கொண்டன. அதன் உடல் நீளம் 8 மீற்றருக்கும் மேற்பட்டதென நெடுங்காலம் எழுதப்பட்டது. உடலின் பின்பகுதி குருத்தெலும்பாலானதாகையால் கல்லிற் பதியவில்லை. தலையைக்கொண்டு உடலை ஊகித்தனர். 2023இல் வெளியான ஆய்வொன்று அதனை ஏறத்தாழ 4 மீற்றராகக் குறைத்துள்ளது. கிடைத்த பகுதியின் பிரமாண்டத்திலிருந்து கிடையாத பகுதியைப் பெருப்பிக்கும் இப்போக்கு, மன்னர்களின் கல்வெட்டுக்களைக்கொண்டு மக்களின் பொற்காலத்தை எழுதும் நம் வரலாற்றாசிரியர்க்கும் புதியதன்று.

இம்மீன்களை அறிவுலகிற்கு அறிமுகப்படுத்தியோருள் முதன்மையானவர் ஒரு கற்தொழிலாளி என்பது மனங்கொளத்தக்கது. ஸ்கொட்லாந்தின் குரோமாட்டி என்னும் கரையோர ஊரில் 1802இற் பிறந்த ஹியூ மில்லர், கடலில் தந்தையை இழந்து, பதினேழாம் வயதிற் கல்லுடைக்கச் சென்றவர். ஊர்க்கரையின் கற்களைப் பிளந்து, இறக்கை போன்ற உறுப்புக்களையுடைய விசித்திரக் கவச மீனொன்றை அவர் கண்டார். விலங்கியலறிஞர் அகாசி அம்மீனுக்கு மில்லரின் பெயரையே சூட்டினார். மில்லரின் ‘பழைய செம்மணற்கல்’ என்னும் நூல் 1841இல் வெளிவந்தது.

எனினும் மில்லரை வெறும் புகழ்ச்சிக்குரியவராக்குதல் நமது நோக்கமன்று. உழைப்பு அவருக்குக் கண்ணைக் கொடுத்தது. அக்காலக் கருத்துநிலை அக்கண்ணுக்கு எல்லை வகுத்தது. மிகப் பழைய மீன்களே சிக்கலான அமைப்புடையனவாயிருத்தலைக் காட்டி, உயிர்கள் படிமுறையாக வளர்ந்தன என்னும் கொள்கையை அவர் 1849இல் மறுத்தெழுதினார். பின்வந்தோர் மறு எல்லைக்குச் சென்றனர். பாரமான கவசத்தைச் சுமந்த மந்தமான மீன் தோற்றது, விரைந்து நீந்திய சுறா வென்றது என அவர்கள் கூறிய கதை, சந்தைப் போட்டியைக் கடலுக்குள் இறக்கிய கதையேயாம். உண்மையில் தெவோனிய முடிவில் நேர்ந்த பேரழிவுகளிற் கடல்நீர் பரந்த அளவில் ஒட்சிசனை இழந்தது. பல கோடி ஆண்டுகள் செழித்த ஓரினம் மாறிய சூழலில் மறைந்தமை அதன் ‘தகுதியின்மை’க்குச் சான்றாகாது.

மேலும், அவை முற்றாக மறைந்தன என்பதும் பாதி உண்மையே. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஏறத்தாழ 42 கோடி ஆண்டுப் பழைமையான என்டெலொக்னேதஸ் என்னும் கவச மீன் 2013இல் விவரிக்கப்பட்டது. அதன் உடலிற் கவசம். தாடையிலோ எலும்பு மீன்களுக்கே உரியனவெனக் கருதப்பட்ட எலும்புகள். அவற்றின் வழிவந்தவையே நமது மேற்றாடையும் கீழ்த்தாடையும் என இன்று பல ஆய்வாளர் கொள்கின்றனர். முட்டையிடும் பாலூட்டி இருக்கமுடியாதென இளமையில் நகைத்த ஏங்கெல்ஸ், அதற்காகப் பிளாற்றிபஸிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்ததென 1895இல் எழுதினார். நாம் வகுத்த வகைப்பாடுகளுக்கு இயற்கை கட்டுப்படுவதில்லை என்னும் அப்பாடம் இங்கும் பொருந்தும்.

கல்லடுக்குகள் பெரும்பாலும் உற்பத்தித் தேவைகளின் பொருட்டே திறக்கப்படுகின்றன. ஒகையோவின் கவச மீன்கள் பல 1960களில் நெடுஞ்சாலைக்காக நிலம் வெட்டப்பட்டபோது மீட்கப்பட்டவை. மன்னார்ப் படுகையிலும் 2011இல் துளைக்கப்பட்டு எரிவாயு கண்டறியப்பட்ட கிணறுகள் இரண்டுக்கு டொறாடோ, பரகுடா என மீன்களின் பெயர்களே இடப்பட்டன.

அக்கடலடியின் திட்டுக்களுக்கோ ‘பெரிய பார்’, ‘மோதரகம் பார்’ என முன்னமே பெயருண்டு. அவை கடலோடு உழன்றவர் வழங்கிய பெயர்கள். 1902இல் இலங்கை வந்து முத்துச்சிப்பியை ஆராய்ந்த ஹேட்மனின் ஐந்து தொகுதி அறிக்கையிலும் அப்பெயர்களே பயில்கின்றன. பெயர் தந்தோரின் பெயர் எதிலும் இல்லை. மறிச்சுக்கட்டி மக்களும் 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரோடும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2009இன் பின் மீண்டோர் வாழ்ந்த நிலம் தமதென்று நிறுவ வேண்டியவராயினர்.

கல்லிற் பதிந்தது மட்டுமே வரலாறன்று. குருத்தெலும்பு பதிவதில்லை, கயிறு பிடித்த கையும் பதிவதில்லை. பதிந்ததைக் கொண்டு பதியாததைப் பொறுப்போடு அறிதலே மீனின் வரலாற்றுக்கும் மனிதரின் வரலாற்றுக்கும் பொதுவான ஆய்வுநெறி என்பது நமது துணிபு.